சங்கும் செருப்பும் சாந்தும்: கருவூர்க் கல்வெட்டு காட்டும் கொங்குக் கம்மாளர் அமைப்பு

தென்னிந்தியக் கைவினைஞர் அமைப்புகளைப் பற்றி எழுதுவோர் பலரும் ஆனந்த குமாரசுவாமி 1909இல் இலண்டனில் வெளியிட்ட ‘இந்தியக் கைவினைஞன்’ என்னும் நூல் வகுத்துத் தந்த சட்டகத்தையே இன்றும் சார்ந்து நிற்கின்றனர். அந்நூல் கைவினைஞரை மூன்று நிலைகளில் வைத்துக் காண்கிறது: மானியநிலமும் களத்துமேட்டில் தானியப் பங்கும் பெற்று ஊருக்கு உழைப்பவர், நகரங்களில் தொழிற்குழுவாகக் கூடி வாழ்பவர், அரசனின் பணியில் அமர்ந்தவர். மூன்று நிலைகளிலும் சாதியே தொழிற்குழுவின் வேலையைச் செய்தது என்றும், மகன் தந்தையின் பட்டறையிலேயே தொழிலோடு அதன் அறத்தையும் கற்றான் என்றும், பிழைப்புக்குக் கவலையில்லாத அந்த வாழ்வே கலையின் தரத்தைக் காத்தது என்றும் குமாரசுவாமி கருதினார். ஆலைப் பொருள்கள் கைத்தொழிலை அழித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுப்பிய குரலின் மதிப்பு சிறிதும் குறையாது. ஆயினும் தொழில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை விளக்கும் அச்சட்டகம், தொழிலாளிக்கு எது மறுக்கப்பட்டிருந்தது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று அக்கேள்விக்கு நேரடியாகவே விடை தருகிறது.

குமாரசுவாமியின் பார்வை உருவான இடத்தையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவர் சி. ஆர். ஆஷ்பி. 1888இல் கிழக்கு இலண்டனில் கைவினைஞர் குழு ஒன்றை நிறுவி, 1902இல் அதைச் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்கு இடம் மாற்றியவர் அவர். இயந்திரப் பொருள்களின் விலைப் போட்டியைத் தாங்க இயலாமல் அக்குழு கலைந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் குமாரசுவாமி அவ்வூருக்கு அருகே குடியேறினார். ஆஷ்பி நடத்திய அச்சகத்தின் கருவிகளைக் கொண்டே 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் தம் பெருநூலை அச்சிட்டார். கண்ணெதிரே ஒரு தொழிற்குழு குலைவதைக் கண்டவர், குலையாத தொழிற்குழு ஒன்றைக் கீழை நாட்டில் தேடியது இயல்பே. அங்கிருந்த சாதி அமைப்பை ஐரோப்பியத் தொழிற்குழுவுக்கு இணையாக வைத்துப் படித்தபோது, தொழிற்குழு தன் உறுப்பினருக்குத் தந்த ஊர்மதிப்பைச் சாதியும் தந்திருக்கும் என்ற எண்ணம் ஆராயப்படாமலே உள்ளே நுழைந்துவிட்டது.

இவ்வெண்ணத்துக்கு அரணாக எடுத்துக்காட்டப்படும் சான்றுகளுள் முதன்மையானது மெகஸ்தனிசின் குறிப்பு. மௌரியர் ஆட்சியில் கைவினைஞர் ஒருவரின் கையையோ கண்ணையோ கெடுத்தவனுக்குக் கொலைத்தண்டனை விதிக்கப்பட்டது என்று அவர் சொன்னதாக ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். கைவினைஞருக்கு அரசு காட்டிய மதிப்பின் உச்சமாகவே இச்செய்தி பொதுவாகப் படிக்கப்படுகிறது. ஆனால் அச்சட்டம் காத்தவை எவை என்று கூர்ந்து பார்த்தால், கையும் கண்ணும் அரசின் வேலைக்கு வேண்டிய உறுப்புகள் என்பது விளங்கும். கருவூர்க் கல்வெட்டில் உள்ள அரசாணையோ கைவினைஞரின் காலையும் வீட்டையும் மணத்தையும் சாவையும் பற்றிப் பேசுகிறது. இவை அரசின் வேலைக்கு வேண்டியவை அல்ல. மனிதராக வாழ்வதற்கு வேண்டியவை. இந்த வேறுபாட்டைக் குமாரசுவாமியின் சட்டகத்துக்குள் பொருத்த இயலவில்லை என்பதே இக்கட்டுரையின் முதன்மையான மறுப்பு.

ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் இடம்பெற்றுள்ள அக்கல்வெட்டு மிகச் சுருக்கமானது. கோநேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருடைய அரசன், கருவூரைச் சூழ்ந்த வெங்கால நாட்டின் கம்மாளருக்கு, அதாவது தச்சர், கொல்லர், தட்டார் முதலிய கைவினைஞருக்கு, தன் பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் சில உரிமைகளை வழங்குகிறான். ‘நன்மை தின்மை’களின்போது அவர்கள் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை முதலியன கொட்டுவித்துக் கொள்ளலாம், வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக் கொள்ளலாம். ‘தின்மை’ என்பது தீமையின் வேறு வடிவம். இன்றும் கொங்குநாட்டுப் பேச்சில் ‘நல்லது கெட்டது’ என்று மணத்தையும் சாவையும் சேர்த்துச் சொல்வதைப் போன்ற சொல்லாட்சியே இது.

இம்மூன்று உரிமைகளுள் சாந்து பற்றியது தனிக் கவனத்துக்கு உரியது. சாந்து என்பது சுண்ணாம்பும் மணலும் சேர்த்துக் குழைத்த சுவர்ப்பூச்சு. கட்டடவேலையில் அதன் பக்குவத்தை அறிந்தவர்கள் யாரோ, அவர்களே தம் வீட்டுச் சுவரில் அதைப் பூச அரசாணை வேண்டியிருந்தது. இது கொங்குநாட்டின் உள்ளூர் விந்தை அன்று. பிராமணருக்கு ஊரைக் கொடையாக அளிக்கும் பிரமதேயம் பற்றிய பல்லவ, சோழச் செப்பேடுகளில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமை ஒரு ‘பரிகாரமாக’, அதாவது கொடையோடு சேர்ந்து வரும் சிறப்புரிமையாகக் குறிக்கப்படுவது கல்வெட்டியலாளர் அறிந்ததே. ஒருவருக்குச் சுட்ட செங்கல் சிறப்புரிமையானால், மற்றவருக்கு அது இயல்பாகக் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். வீட்டுச்சுவரின் பொருள் குடியின் தகுதியைத் தெருவுக்கு அறிவிக்கும் அடையாளமாக இருந்த ஒழுங்கில், மண்சுவர் என்பது வறுமையின் விளைவாக மட்டும் இருந்திருக்க வேண்டியதில்லை, விதிக்கப்பட்டதாகவும் இருந்திருக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும் இதே முரண் அருகருகே நிற்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று அரசனின் பெயரையே பட்டமாகச் சுமந்த தச்சர் அங்குப் பெயர் சொல்லிப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார். அதே கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களை வரிசைப்படுத்தும் பகுதிகளில் கம்மாணச்சேரி, அதாவது கம்மாளர் வாழும் தனிக்குடியிருப்பு, பறைச்சேரியோடு சேர்த்து ஊர்நத்தத்தினின்று வேறாகச் சுட்டப்படுகிறது. ஒரு பெருந்தச்சனுக்குக் கிடைத்த புகழைக் கொண்டு கம்மாளர் அனைவரின் நிலையையும் அளப்பது எவ்வளவு பிழையானது என்பதை இவ்விரண்டு பதிவுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. குமாரசுவாமியின் வழிவந்தோர் முதற்பதிவை மட்டுமே எடுத்து ஆள்கின்றனர்.

கருவூர் ஆணை உரிமைகளைப் பட்டியலிடுவதோடு முடிவதில்லை. இவ்வோலையையே ஆதாரமாகக் கொண்டு, தங்களுக்கு வேண்டிய இடங்களில் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளுமாறு அது கம்மாளருக்குச் சொல்கிறது. கம்மாளர்க்கு அமைப்பு ஒன்று இருந்தது என்பதற்கு இந்த ஒற்றை வாசகமே வலிமையான சான்று என்று கொள்ள வேண்டும். ஆணை தனி ஒருவரின் பெயருக்கு எழுதப்படவில்லை. நாடு என்னும் நிலப்பிரிவு ஒன்றின் கம்மாளர் அனைவரையும் ஒரே பெறுநராக விளிக்கிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவர்களிடமே விடப்பட்டது. அவ்வாறு தேர்ந்தெடுக்கக் கூடிப் பேசும் அவையும், வெட்டுக்கூலியை ஏற்கப் பொதுப்பணமும், செப்பேடு என்றால் அதைக் காத்து வைக்க நம்பிக்கைக்குரிய வீடும் வேண்டும். இவற்றுள் ஒன்றையும் கல்வெட்டு நேராகச் சொல்லவில்லை என்பது உண்மையே. எனினும் இவை இல்லாத கூட்டத்துக்கு அப்படி ஓர் அனுமதியால் பயன் என்ன? அதே செய்தி கொங்குநாட்டின் மற்றோர் ஊரான பேரூரிலும் கல்லில் இருப்பது, வேண்டிய இடங்களில் என்ற சொல் வெறும் ஆவண மரபாக நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

உரிமை கொங்குநாடு முழுமைக்கும் பொதுவாக அறிவிக்கப்படாமல் நாட்டுப்பிரிவின் பெயரால் வழங்கப்பட்டிருப்பதும் பொருளுடையது. அண்டை நாட்டுக் கம்மாளர் இதைத் தாமாகவே துய்க்க முடியாது; அவர்களும் தனியே கேட்டுப் பெற்றாக வேண்டும். அரசன் தானே இரங்கி அளித்தான் என்று இவ்வாணையைப் படிப்பதைவிட, அந்தந்த நாட்டுக் கம்மாளர் கூடி வேண்டிப் பெற்றனர் என்று படிப்பதே பொருந்தும். விண்ணப்பம் பற்றிய சொல் ஆணையில் இல்லாமையால் இதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், வலுவான ஊகமாகக் கொள்வதே முறை.

இனி, கல்வெட்டில் அச்சமூகத்தின் பெயர் எழுதப்பட்டுள்ள முறை. கம்மாளர் என்ற வழக்கமான வடிவம் அங்கு இல்லை. ‘கண்மாளர்’ என்றே வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியவரின் கைப்பிழை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. றன்னகர ணகரங்கள் மாறிக் கிடப்பது கல்வெட்டுகளில் அன்றாடம் காண்பதே. அவ்வாறாயின் ‘கன்மாளர்’ என்பது மூலவடிவமாகி, கோயிற் பணியாளரைக் குறிக்கும் ‘தேவகன்மி’ என்ற சொல்லில் உள்ள கன்மத்தோடு, அதாவது செயல் என்ற பொருளோடு சேரும். ‘கம்மாளர்’ என்பதும் அதே சொல்லின் தமிழ் மருவலாக நிற்கும். சொல்லியல் நோக்கில் இவ்விளக்கமே உறுதியானது. ஆனால் கல்லில் எழுத்து வெட்டுவோர் கம்மாளருள் ஒரு பிரிவினர் என்பதையும், இங்கு அவர்கள் வெட்டியது தம் சமூகம் பெற்ற உரிமையையே என்பதையும் மறக்கலாகாது. தம் பெயரைத் தாமே கல்லில் பொறிப்போர் அதில் கவனம் பிசகியிருப்பர் என்று கொள்வது கடினம். படிமத்துக்குக் கண் திறப்பதைத் தம் தனியுரிமையாகக் கருதும் இச்சமூகத்தில், கண்ணை ஆள்பவர் என்று தம் பெயருக்குப் பொருள் கூறும் வழக்கம் உண்டு. கருவூர் வடிவம் அவ்வழக்கத்தின் பழஞ்சுவடாக இருக்கக்கூடும். எழுத்து ஒன்றின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது ஆபத்தானது என்பதை ஒப்புக்கொண்டே இக்கருத்து இங்கு முன்வைக்கப்படுகிறது.

முதற் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1118இல், திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் வெட்டப்பட்ட கல்வெட்டோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கு இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி, தரும நூல்களை ஆராய்ந்து, இரதகாரர் செய்யத்தக்க தொழில்கள் எவை என்று தீர்ப்புரைக்கின்றனர். இரதகாரர் என்பது தேர் செய்வோர் என்ற பொருளில் கம்மாளரைக் குறிக்க வழங்கிய வடசொல். வீடு கட்டுதல், தேர் செய்தல், கோபுரமும் மண்டபமும் எடுத்தல், வேள்விக்கருவி செய்தல், அரசர்க்கு அணிகலன் செய்தல் என நீளும் அப்பட்டியல் முழுவதும் தொழிலைப் பற்றியது. தொழிலாளி எவ்வாறு வாழலாம் என்பது பற்றி அதில் பேச்சில்லை. குமாரசுவாமியின் சட்டகத்துக்கு உய்யக்கொண்டான் திருமலை நன்கு பொருந்துகிறது, கருவூர் பொருந்தவில்லை. கருவூரில் நூலும் இல்லை, பட்டரும் இல்லை. செருப்பும் சுவரும் சங்கும் மட்டுமே உள்ளன.

இவ்விரண்டையும் ஒரே வளர்ச்சியின் அடுத்தடுத்த படிகள் என்று கொள்ளக் காலக்கணிப்பு தடையாக நிற்கிறது. கோநேரின்மைகொண்டான், அதாவது தனக்கு நிகரான அரசன் இல்லாதவன், என்ற பட்டத்தைப் பிற்காலச் சோழரும் பாண்டியரும் கொங்குச் சோழரும் ஒருங்கே பயன்படுத்தினர். கல்வெட்டில் ஆட்சியாண்டும் மாதமும் தவிர வேறு காலக்குறிப்பு இல்லை. கொங்குச் சோழன் வீரராசேந்திரனே ஆணையிட்டவன் எனக் கொண்டால் அது 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமையும். பட்டத்தை மட்டும் வைத்து அவ்வாறு உறுதி செய்தல் இயலாது. எனவே உய்யக்கொண்டான் திருமலைக்குப் பிற்பட்டது கருவூர் என்பது ஏற்கத்தக்க கருத்தே ஒழிய, நிறுவப்பட்டதன்று.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சுட்டினால் போதும். விசயநகர ஆட்சியில், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், நெசவுத்தொழில் செய்த கைக்கோளர் தண்டும் சங்கும் கொள்ளும் உரிமையைப் பெற்றனர். தண்டு என்பது பல்லக்கு. கருவூரில் கம்மாளர் கேட்ட அதே ஓசையை மற்றொரு கைவினைச் சமூகமும் கேட்டது என்பது, சங்கொலி ஒரு சமூகத்தின் தனி ஆசையாக இருக்கவில்லை என்பதை விளக்கும். இவ்வுரிமைகள் பெற்றவரைப் பெறாதவருக்கு மேலே உயர்த்தினவே அன்றி, உயர்வு தாழ்வு என்ற ஒழுங்கைத் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1818இல் சித்தூர் ஜில்லா அதாலத் என்னும் நீதிமன்றத்தில் விசுவகர்மரும் (கம்மாளரின் மற்றொரு பெயர்) பிராமணரும் வழக்காடியபோது, மணச்சடங்கைத் தம் குருக்களைக் கொண்டு தாமே நடத்திக்கொள்ளும் உரிமையே விசுவகர்மரின் கோரிக்கையாக இருந்தது. கல்வெட்டின் சொல்லில் இது ‘நன்மை’ பற்றிய வழக்கே.

குமாரசுவாமியின் நூல் வந்த அதே 1909இல் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் வெளிவந்தன. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், கல்தச்சர் என்னும் ஐந்து பிரிவுக்கும் தனித்தனி நாட்டாண்மைக்காரரும், அவருக்குக் கீழே காரியஸ்தரும், ஐவருக்கும் மேலே ‘அஞ்சு வீட்டு நாட்டாண்மைக்காரர்’ ஒருவரும் இருந்ததையும், காமாட்சியம்மன் கோயிலில் சீட்டுப்போட்டு அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அவையும் தேர்வும் பொறுப்பாளரும் கொண்ட இவ்வமைப்பு கருவூர் ஆணையின் காலத்திலேயே இதே வடிவில் இருந்தது என்று சொல்ல இயலாது. இடையில் 600 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி கிடக்கக்கூடும். ஆயினும் வேண்டிய இடங்களில் வெட்டிக்கொள்க என்ற அரசனின் சொல்லை ஓலையில் பெற்று, கருவூருக்கு எடுத்துவந்து, பசுபதீசுவரர் கோயில் சுவரில் இடம் பார்த்து உளி பிடித்தவர்கள், தமக்குள் யாரையோ அப்பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்துத்தான் இருக்க வேண்டும்.