வலையும் ஊசியும் கமராவும்

1709ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் எலினோர் கிளான்வில் என்ற பெண்மணி காலமானார். நிலபுலம் உள்ள குடும்பத்தவர். சொத்தின் பெரும்பகுதியைத் தம் பிள்ளைகளுக்கு விடாமல் உறவினர் ஒருவருக்கு எழுதி வைத்திருந்தார். மகன் வழக்குப் போட்டான். தாயார் புத்தி பேதலித்தவர் என்பதே வழக்கின் அடிப்படை. அதற்குக் காட்டப்பட்ட சான்றுகளில் முக்கியமானது அவர் வண்ணத்துப்பூச்சி பிடித்தார் என்பதாகும். வேலிகளைத் தடியால் தட்டி, விழுகின்ற மயிர்க்கொட்டிகளைப் பொறுக்கிச் சென்றதைக் கண்ணாற் கண்டதாக அயலவர்கள் சாட்சி சொன்னார்கள். 1712இல் வெல்ஸ் நகரில் நடந்த விசாரணையில் உயில் தள்ளுபடியாயிற்று.

இன்று இதே இங்கிலாந்தில் ஏப்ரல் மாதத்து வெயில் நாளொன்றில் எத்தனையோ பேர் தங்கள் பின்வளவுகளில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். கையில் கமரா. எதிரே ஒரு களைச்செடியின் பூ. அவர்களை யாரும் பைத்தியம் என்பதில்லை. மிஞ்சிப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். இந்த முந்நூறு வருட இடைவெளியில் நடந்ததைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

கிளான்வில் அம்மையார் தாம் பிடித்த பூச்சிகளை இலண்டனில் இருந்த ஜேம்ஸ் பெற்றிவர் என்ற மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பினார். பெற்றிவர் அதிகம் பயணம் செய்தவரல்லர். ஆனால் கப்பல் வைத்தியர்களையும் வியாபாரிகளையும் கடிதத்தாலேயே வசப்படுத்தி உலகத்தின் பூச்சி, சிப்பி, இலை எல்லாவற்றையும் தன் கடைக்கு வரவழைத்தார். சென்னைப் பட்டினத்தின் சென் ஜோர்ஜ் கோட்டையில் வைத்தியராக இருந்த சாமுவேல் பிறவுண் என்பவர் அனுப்பிய தாவரங்களும் அவர் கைக்கு வந்தன. அவற்றின் 'மலபார்' பெயர்களோடு பெற்றிவர் எழுதிய விவரணங்கள் றோயல் சொசைற்றியின் ஏட்டில் வெளிவந்தன. அந்நாளைய ஐரோப்பியர் மலபார் என்றது தமிழைத்தான். எழுத்துப் பிழைகளால் உருமாறிக் கிடந்தாலும், நம் மொழிப் பெயர்கள் இந்த நாட்டு விஞ்ஞான ஏடொன்றில் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அச்சேறிவிட்டன. பெற்றிவர் இறந்தபின் அவருடைய சேகரிப்பை ஹான்ஸ் சுலோன் விலைக்கு வாங்கினார். அதில் எஞ்சியவை இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அடுத்த இருநூறு வருடங்களும் வலைக்கும் ஊசிக்கும் உரியவை. விக்ரோறியா காலத்தில் பூச்சி சேர்ப்பது பாதிரிமார், வைத்தியர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் பொழுதுபோக்காயிற்று. நஞ்சுப் போத்தல், தக்கைப் பலகை, ஊசி. பிறகு கண்ணாடி மூடிய இழுப்பறை. அரிய வகைகளுக்கு விலை ஏறியது. லாஜ் கொப்பர் என்ற செம்பு நிற அழகி அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலிருந்து அற்றுப்போனது. சேகரித்தவர்களின் தலையில் முழுப்பழியையும் போடுவது சரியல்ல. அது வாழ்ந்த சதுப்பு நிலங்களை வேளாண்மைக்காக வடித்துவிட்டார்கள். ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டுமென்று அன்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

தோன்றியவர்களுள் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஹெறஃபோட்சயர் பகுதியில் ஒரு பாதிரியாரின் மனைவியாக இருந்த எமா ஹச்சின்சன். இறக்கையின் அடிப்புறத்தில் காற்புள்ளி போன்ற வெள்ளைக்குறி இருப்பதால் கொமா என்றே பெயர்பெற்ற வண்ணத்துப்பூச்சியை அவர் ஆண்டாண்டாக வளர்த்து ஆராய்ந்தார். அதன் மயிர்க்கொட்டிகள் அக்காலத்தில் பெரும்பாலும் பியர் வடிக்கப் பயன்படும் ஹொப் கொடியில் வாழ்ந்தன. அறுவடை முடிந்ததும் கமக்காரர்கள் கொடிகளைக் குவித்து எரிப்பார்கள். அவற்றோடு புழுவும் கூட்டுப்புழுவும் எரியும். எரிக்காதீர்கள் என்று எமா வேண்டினார். கொமாவின் வெளிர்நிறக் கோடைகால வடிவத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஒரு பூச்சியைக் காக்க அது தின்னும் செடியைக் காக்கவேண்டும் என்ற எளிய உண்மை, வலையோடு காடுகளில் அலைந்த ஆண்களுக்குப் பிடிபடுமுன் தோட்டத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பிடிபட்டிருந்தது.

இதே காலத்தில் இலங்கையில் நடந்த ஒன்று இங்கு பலருக்கும் தெரியாது. பிரெடெறிக் மூர் 1880 தொடக்கம் 1887 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட 'இலங்கையின் லெப்பிடொப்ரெரா' என்ற பெருநூலுக்கு வேண்டிய ஓவியங்கள் பேராதனைத் தோட்டத்தில் தீட்டப்பட்டவை. தீட்டியவர்கள் வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்ற சகோதரர்கள். தகப்பனார் ஹர்மானிசும் அதே தோட்டத்தின் ஓவியர். செத்துக் காய்ந்த இறக்கையோடு நின்றுவிடாமல், புழுவையும் கூட்டுப்புழுவையும் உயிரோடிருக்கும்போதே பார்த்து வரைந்தார்கள். நூலின் முகப்பில் இருப்பது மூரின் பெயர்; அது அன்றைய வழக்கம்.

கமரா வந்த உடனே ஊசி போய்விடவில்லை. தொடக்ககாலக் கண்ணாடித் தட்டுகளுக்கு நீண்டநேரம் ஒளி வேண்டும். பூச்சி அதுவரை அசையாமலிருக்குமா? யோர்க்சயர் மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த றிச்சட், செறி கியேற்றன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு ஒரு பறவைக்கூட்டைப் படம்பிடித்தார்கள். 1895இல் இயற்கையான இடத்தில் எடுத்த புகைப்படங்களை மட்டும் கொண்டே பறவைக்கூடுகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். பறவைகளை ஏமாற்றுவதற்காக உள்ளே வெறுமையான ஒரு பொம்மை எருதைச் செய்து அதற்குள் கமராவோடு ஒளிந்திருந்தவர்கள் இவர்கள். கூடு அசையாது. வண்ணத்துப்பூச்சிக்கு எருது உதவாது.

அதற்கு வழி தோட்டத்திலிருந்துதான் கிடைத்தது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிப்படும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரிந்து உலரும்வரை, ஒரு மணித்தியாலம் அல்லது அதற்கும் மேலாக, பறக்கமுடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தைப் பிடிக்கவேண்டுமானால் புழுவை நீங்களே வளர்த்திருக்கவேண்டும். இப்ஸ்விச் நகரைச் சேர்ந்த எஸ். பியூஃபோய் என்ற புகைப்படக்காரர் முட்டை, புழு, கூடு, பூச்சி என்று ஒவ்வொரு நிலையையும் பொறுமையாகப் படமெடுத்தவர். 1945இல் ஈ. பி. ஃபோட் எழுதிய 'வண்ணத்துப்பூச்சிகள்' நூலில் உயிருள்ள பூச்சிகளின் வர்ணப்படங்கள் அவருடையவை. கொலின்ஸ் பதிப்பகத்தின் நியூ நச்சுறலிஸ்ற் வரிசையில் முதல் நூல் அது. அக்காலத்துக் கொடாக்குறோம் ஃபிலிமின் வேகம் ஏறத்தாழ 10 ஏ.எஸ்.ஏ. இன்றைய கமராக்கள் மிகச் சாதாரணமாக 800க்கு மேல் போகும் என்பதை நினைத்தால் அந்த மனிதரின் பொறுமை விளங்கும்.

புழுவை வளர்ப்பது அந்நாளில் ஒரு தொழிலாகவும் இருந்தது. கென்ற் பகுதியில் பெக்ஸ்லி என்ற இடத்தில் நியூமன் குடும்பத்தார் 1894இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, முட்டையையும் கூட்டுப்புழுவையும் தபாலில் விற்றது. பண்ணையின் பெயர்பெற்ற வாடிக்கையாளர் வின்ஸ்ரன் சேர்ச்சில். 1896இல் பெங்களூரில் இளம் அதிகாரியாக இருந்தபோது அவர் சேர்த்த பூச்சிகளை ஓர் எலி தின்றுவிட்டது. இதை அவரே எழுதியிருக்கிறார். போருக்குப்பின் தம் சாட்வெல் வீட்டுத் தோட்டத்தின் ஒரு சிறு கட்டடத்தைப் பூச்சி வெளிவரும் கூடமாக மாற்றினார். ஹியூ நியூமன் கூட்டுப்புழுக்களைக் கொடுத்தார். 1920களில் பிரித்தானியாவிலிருந்து அற்றுப்போன பிளாக்-வெயின்ட் வைற் என்ற வகையை மீண்டும் குடியேற்றவும் முயன்றார்கள், பலிக்கவில்லை. சேர்ச்சில் என்றதும் 1943இன் வங்கப் பஞ்சம் நினைவுக்கு வருபவர்களில் நானும் ஒருவன். பூச்சிகளிடம் காட்டிய பரிவை மனிதரிடமும் காட்டியிருக்கலாம் என்று எழுதாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

விட்டுப் பறக்கவிடும் தோட்டம் இருப்பிடம் ஆகாது என்பதை அழுத்திச் சொன்னவர் மிரியம் றொத்ஸ்சைல்ட். 1908இல் பிறந்து 2005இல் மறைந்தவர். தெள்ளுப்பூச்சி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். ஹிற்லருக்குத் தப்பிவந்த யூத அகதிச் சிறுவர்களுக்குத் தம் அஷ்ரன் வோல்ட் வீட்டில் இடம் கொடுத்தவர். பிற்காலத்தில் அந்த வீட்டின் புற்றரையை வெட்டுவதை நிறுத்தினார்; சுவரெல்லாம் கொடி ஏற விட்டார். காட்டுப்பூ விதைகளைச் சேர்த்து விற்ற ஒரு கலவைக்கு 'கமக்காரனின் கெட்ட கனவு' என்று பெயரிட்டார். பகிடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1930களுக்கும் 1984க்கும் இடையில் இங்கிலாந்தும் வேல்சும் தங்கள் பூம்புல்வெளிகளில் 97 வீதத்தை இழந்தன. உழவும் உரமும் போரின் உணவுத்தேவையும் அதற்குக் காரணம். வெளியில் இருப்பிடம் போனபின்தான் வீட்டுத் தோட்டங்களின் பெறுமதி கூடியது. லெஸ்ரர் நகரின் புறத்தே ஒரு சாதாரண வீட்டுத் தோட்டத்தில் ஜெனிஃபர் ஓவன் முப்பது வருடங்களாக எண்ணிக் குறித்த உயிரினங்கள் 2,673 வகை.

வசந்தகாலப் பூச்சிகளைப் படமெடுக்க விரும்புவோருக்குச் சில விஷயங்கள். கோடையில் எல்லாரும் நடும் பட்லியா ஜூலையில்தான் பூக்கும். 1890களில் சீனாவிலிருந்து வந்து, யுத்தத்தில் குண்டு விழுந்த இடங்களிலெல்லாம் முளைத்த செடி அது. நல்ல விருந்து வைக்கும், ஆனால் ஏப்ரலில் அதனால் பயனில்லை. அப்போது வேண்டியவை பிறிம்றோஸ், ஓபிறீசியா, பலர் தோண்டி எறியும் டண்டிலயன். இது தேனுக்கு. முட்டையிடுவதற்கு வேறு செடிகள் வேண்டும். நம் ஊரில் கறிவேப்பிலையில் மயிர்க்கொட்டி கண்டால் அம்மா நசுக்கி எறிவா. எருக்கலையில் கோடுபோட்ட புழுவைக் கண்டால் யாரும் தொடமாட்டார்கள். இரண்டும் வண்ணத்துப்பூச்சிகள்தான். இங்கே கறிவேப்பிலையின் இடத்தில் இருப்பது நெற்றில் செடி, நம் காஞ்சோண்டி போன்றது. அதைப்போலவே தோலைச் சுணைக்கும். பீக்கொக்கும் சிமோல் ரோற்றொயிஸ்செல்லும் அதில்தான் முட்டையிடும். ஹொப்பிலிருந்து மாறிய கொமாவும் இப்போது பெரும்பாலும் அதைத்தான் நாடுகிறது. மதிலின் நிழலில் ஒளித்துவைத்த நாலு செடி போதாது. வெயில் படும் இடத்தில் ஒரு பற்றையாக நிற்கவேண்டும்.

மார்ச் வெயிலில் முதலில் வருவது பிறிம்ஸ்ரோன். கந்தக மஞ்சள். முந்திய கோடையில் பிறந்து, ஐவிக் கொடியின் இலைகளுக்குள் குளிர்காலம் முழுவதும் உறங்கி எழுந்தது. அமர்ந்தால் இறக்கையை விரிக்காது. அதன் மேற்புறத்தைக் காட்டும் படமென்றால் அது பறக்கும்போது எடுத்ததுதான். அதன் புழு தின்னும் பக்தோண் புதர் ஒன்றை நட்டால், எங்கிருந்தோ மணந்து வந்து பெண்பூச்சி முட்டையிடும்.

ஏப்ரல் நடுவில் ஒறேஞ்-ரிப். ஆணுக்கு மட்டும் இறக்கை நுனியில் செம்மஞ்சள். வெயில் இருக்கும்வரை அது நிற்கப்போவதில்லை. கமராவோடு பின்னால் ஓடுவது வீண். வானம் மூடியதும் பாருங்கள். கார்லிக் மஸ்ரட் பூங்கொத்தில் இறக்கையை மடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அடிப்புறத்தில் பாசி படர்ந்தது போன்ற பச்சை. உண்மையில் அங்கே பச்சை இல்லை. மஞ்சள் செதில்களும் கறுப்புச் செதில்களும் கலந்து அப்படித் தோன்றுகின்றன. நல்ல மக்குறோ வில்லையால் கிட்டப்போய் எடுத்தால் இது படத்தில் தெரியும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. காலைநேரமும் நல்லது. பறப்பதற்கு உடம்பு ஏறத்தாழ 30 பாகை சூடேற வேண்டும், அதுவரை பீக்கொக் போன்றவை இறக்கையை விரித்து வெயில் காயும். நிழல் மட்டும் அவற்றின்மேல் விழக்கூடாது.

நாங்கள் வந்த புதிதில் ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் எண்ணி எண்ணி எடுத்தோம். பூச்சிக்கு யார் செலவழிப்பார்? இப்போது கைத்தொலைபேசியே போதும். திகதியும் இடமும் சேர்ந்த ஒரு படம் இன்று விஞ்ஞானத்துக்குப் பயன்படும் சான்று. 1976 முதல் இந்த நாட்டில் ஒழுங்காக நடைபெறும் எண்ணிக்கையால், வசந்தகாலப் பூச்சிகள் முன்னையை விட நேரத்தோடு வெளிப்படுவதும், கொமா ஸ்கொட்லாந்துவரை பரவியதும் தெரியவந்தன. அதே எண்ணிக்கை வழக்கம் மற்றதையும் காட்டுகிறது. 2010இல் தொடங்கிய கோடைகாலப் பொதுமக்கள் கணக்கெடுப்பில், 2024இல் ஒருவர் பதினைந்து நிமிடத்தில் கண்டது சராசரியாக ஏழு பூச்சிகள். முந்திய வருடம் பன்னிரண்டு.

நம்மவர்களின் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். முன்வளவைக் காருக்காகச் சீமெந்து போட்டு மூடுவோம். பின்வளவில் வெந்தயக்கீரையும் மிளகாயும் வைத்து மிச்சத்தை ஒட்ட வெட்டிவிடுவோம். வளவு துப்புரவாக இருக்கவேண்டும் என்பது ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். பாம்புக்குப் பயந்த ஊரில் அதற்கு நியாயம் இருந்தது. இங்கே அப்படி வெட்டும்போது போவது எது என்று தெரிந்திருப்பது நல்லது. ஒறேஞ்-ரிப் பூமொட்டின் காம்பில் ஒற்றை முட்டை இடும். முதலில் வெளிறியிருந்து, சில நாளில் செம்மஞ்சளாகும். தேடினால் மே மாதத்தில் காணலாம். புழு தின்று முடித்துக் கோடையின் நடுவே அயலில் உள்ள ஒரு தண்டில் கூட்டுப்புழுவாகும். காய்ந்த விதைக்காய் போல மெலிந்து கூர்ந்த உருவம். அடுத்த ஏப்ரல்வரை, ஒன்பது பத்து மாதம், அது அப்படியே அந்தத் தண்டில் இருக்கும். ஒக்ரோபரில் நாம் வெட்டிக் குப்பைப் பையில் போடுவது பெரும்பாலும் அந்தத் தண்டைத்தான்.