நூல் யாருடையது? கைத்தறியும் பொருளாதாரத் தேசியமும்

இந்தியத் தேசிய இயக்கம் பற்றி எழுதும்போது மாணவர்கள் பலர் கைத்தறியையும் கதரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கையால் நெய்தது கைத்தறித் துணி. நூல் எங்கிருந்து வந்தாலும் சரி. கதர் என்றால் நூலையும் கையால் நூற்றிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தலைப்பே விளங்கிவிடும்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைகளின் நூலும் துணியும் இந்தியச் சந்தையில் வந்து குவிந்தன. கையால் நூற்றுப் பிழைத்த பெண்களுக்குப் பெரிய அடி. நெசவாளர்களும் நொடிந்தார்கள்; ஆனால் முழுசா அழிந்துபோகவில்லை. மலிவான ஆலை நூலை வாங்கி நெய்து பலர் தாக்குப்பிடித்தார்கள். அதாவது, தறி நெசவாளருடையது, நூல் வேறொருவருடையது.

1896இல் அரசாங்கம் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு தீர்வை விதித்தது. அதோடு விட்டதா? இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 விழுக்காடு உற்பத்தி வரி போட்டது. லங்காஷயருக்குப் போட்டி வந்துவிடக் கூடாதே! இந்தியச் செல்வம் வெளியே வடிகிறது என்று தாதாபாய் நௌரோஜி வாதிட்டு வந்த காலம் அது.

சுதேசி, 1905

வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருள் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவில் செய்ததெல்லாம் சுதேசி என்பதே அன்றைய பொருள். அதனால் தறிக்காரரோடு பம்பாய், அகமதாபாத் ஆலை முதலாளிகளும் பலன் அடைந்தார்கள்.

காந்தியும் கதரும்

காந்தியின் ஆசிரமத்தில் முதலில் நெய்ததும் ஆலை நூலைத்தான். ஆலைகளுக்குச் சம்பளமில்லாத முகவராக இருக்கிறோமே என்று அவர் உணர்ந்தார். பிறகுதான் இராட்டைக்கான தேடல். பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் கங்காபென் அதைக் கண்டுபிடித்தார். 1921இல் 20 இலட்சம் இராட்டைகளைச் சுழல வைக்க வேண்டும் என்று காங்கிரஸ் இலக்கு வைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் உருவானது.

மறுபக்கம்

கைநூல் சீராக இருக்காது, அடிக்கடி அறுந்துபோகும். ஒரே சேலைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், கூலி கட்டுப்படியாகாது. அதனால் பெரும்பாலான நெசவாளர்கள் ஆலை நூலையே தொடர்ந்தார்கள். அப்போ அவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. அவர்களுக்கு அன்றாட அடுப்பு எரிய வேண்டும். இராட்டை ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நம்பிக்கையை 1925இல் தாகூரும் எதிர்த்து எழுதினார்.

தேர்வுக்கு

‘கதர் இந்தியப் பொருளாதாரத்தை மீட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள்: நூல் யாருடையது? இலாபம் யாருக்குப் போனது? நெய்தவருக்கு என்ன கிடைத்தது? ஆசிரியர்கள் இந்த மூன்றையும் வகுப்பில் குழுக் கலந்துரையாடலாக நடத்தலாம். தலைவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, தறியில் உட்கார்ந்திருந்தவரும் அப்போதுதான் கண்ணில் படுவார்.