சிறுகுறிஞ்சான்

சிறுகுறிஞ்சான், மரங்களையும் புதர்களையும் பற்றிப் படரும் பல்லாண்டு மூலிகைக் கொடி. தாவரவியல் பெயர் ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே; எருக்கும் அரளியும் அடங்கிய அப்போசைனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியா, இலங்கை, வெப்பமண்டல ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் இயல்பாக வளர்கிறது. சர்க்கரைக்கொல்லி என்றும் அழைக்கப்படும் இதன் இலை, சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நீரிழிவுக்குப் பயன்படுகிறது.

அமைப்பு

இலைகள் எதிரடுக்கில் அமைந்தவை. முட்டை வடிவமும் மென்மயிரும் உடையவை. பூக்கள் சிறியவை, மஞ்சள் நிறத்தவை. காய் முற்றி வெடிக்கும்போது, வெண்மயிர்க் குஞ்சம் கொண்ட விதைகள் காற்றில் பரவும்.

இனிப்பை மறைக்கும் தன்மை

பச்சிலையை நன்கு மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைப் போல நெறுநெறுக்குமே தவிர இனிக்காது. உப்பும் புளிப்பும் வழக்கம்போலவே தெரியும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்விகளைத் தடுப்பதே காரணம். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சுவை திரும்பிவிடும். உதகமண்டலத்தில் அரசு வேதியியலாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1880களில் இலையை ஆராய்ந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார்.

நீரிழிவு ஆய்வுகள்

இலைச்சாறு சிறுகுடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதாகவும், கணையத்தின் பீட்டா செல்களிலிருந்து இன்சுலின் சுரப்பைக் கூட்டுவதாகவும் ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. 1990இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 22 பேர் வழக்கமான மாத்திரைகளுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றுப் பொடியை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. ஆயினும் பங்கேற்றவர்கள் சிலரே. போலி மருந்து கொடுத்து ஒப்பிடவும் இல்லை. ஆகவே இதை உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது.

பயன்பாடும் எச்சரிக்கையும்

நிழலில் உலர்த்திய இலைப்பொடி நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இலையின் வயது, பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கேற்ப வீரியம் மாறுவதால், ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து உண்டு என்று கணிக்க இயலாது. இன்சுலினுடனோ சல்பனைல்யூரியா மாத்திரைகளுடனோ சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. நாவில் இனிப்பு மறைவது இரத்தச் சர்க்கரை குறைந்ததற்கு அடையாளமன்று; அதைச் சோதனையால்தான் அறிய முடியும். முதல் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு மாற்றாக இம்மூலிகையைப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்தானது.