ஆஃப் பிளேட்

நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். ஸ்டுடியோக்காரர்கள் அதை ஆஃப் பிளேட் என்பார்கள். ஒரு பக்கம் ஜெலட்டினும் வெள்ளி புரோமைடும் பூசிய கண்ணாடி, அவ்வளவுதான். இந்த உலர்ந்த பூச்சுக்கு 1871இல் வழி சொன்னவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1879இல் லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் ஆல்ஃபிரட் ஹார்மன் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதுவரை பூச்சின் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். போகிற இடத்துக்கெல்லாம் இருட்டறையும் கூடவே போக வேண்டும். உலர் பிளேட் வந்த பிறகுதான் நம் ஊர் போட்டோகிராபர் கேமராவையும் ஸ்டாண்டையும் மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குக் கிளம்ப முடிந்தது.

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பெட்டியைப் பிரித்து, பிளேட்டை மரச்சட்டத்துக்குள் செருகுவார்கள். பிறகு பயணம். சடங்கு வீடென்றால் பெண்ணைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, முகமும் பின்னலில் தைத்த பூ ஜடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். ஒரு நாள்கூட வாடாமல் இருக்காத பூ, அதனால்தான் அத்தனை அவசரம்.

சாவு வீட்டு அழைப்பு இன்னும் அவசரமானது. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நிற்பார்கள். பலருக்கு எடுத்த ஒரே படம் அதுதான். லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மறுபடி மூட வேண்டும். அந்தச் சில நொடிகளில் குழந்தைகள் அசைவார்கள், அழுகிறவர்களின் தோள் குலுங்கும். பிளேட்டில் துளிக்கூடக் கலங்காமல் பதிந்தவர் அந்த ஒருவராகவே இருப்பார்.

திரும்பி வந்ததும் கழுவ வேண்டும். நம் கோடையில் தண்ணீர் சூடேறினால் ஜெலட்டின் இளகி, முகமே நழுவிவிடும். ஐஸ் போட்டோ, விடியற்காலைக் குளிர்ச்சிக்குக் காத்திருந்தோ கழுவுவார்கள்.

காய்ந்த பிளேட் டச்சிங் மேஜைக்கு வரும். ஸ்டுடியோவின் உண்மையான கலை அங்கேதான் இருந்தது என்பேன். சாய்வான சட்டத்தில் பிளேட்டை வைத்து, அடியில் ஒரு கண்ணாடி வழியாகச் சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலோடு உட்காருவார் டச்சிங் செய்பவர். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: முகத்தில் இருட்டாக விழுந்த பள்ளம் அங்கே தெளிந்த கண்ணாடியாகத் தெரியும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் வெளுத்துவிடும். அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாக இப்படித்தான் ஆற்றினார்கள். பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் ஒரு கன்னத்துக்கே எத்தனையோ நுண்ணிய கோடுகள் தேவைப்படும். கூடுதலாகச் செய்தால் முகம் மெழுகாகிவிடும். ஆளின் சாயல் கெடாமல் நிறுத்தத் தெரிந்த கைக்குத்தான் பெயர்.

பிறகு பிளேட்டோடு தாளைச் சேர்த்து வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். பிரிண்ட் சட்டம் போட்டு வீட்டுச் சுவருக்குப் போகும். பிளேட் எண்ணும் பெயரும் தாங்கி ஸ்டுடியோ அலமாரிக்குப் போகும், என்றைக்காவது யாராவது இன்னொரு காப்பி கேட்டு வருவார்கள் என்று.

ஃபிலிம் வந்தது, கலர் வந்தது, கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பல அலமாரிகள் வெள்ளிக்காகக் காலியாயின. பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகு மிஞ்சியது வெறும் கண்ணாடி. ஒரு ஊரின் முகங்கள் வாளித் தண்ணீரில் கரைந்துபோனதை நினைக்க எனக்கு ஆறுவதில்லை. தப்பியவற்றில் ஒரு பகுதியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் தேடிப்பிடித்து மின்வடிவில் பதிந்து வைத்தார்கள்.

அப்படித் தப்பிய பழைய பிளேட் ஏதேனும் கையில் கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். முகத்தின் மேல் பென்சில் கரி மின்னும். கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, தழும்பு இருந்த இடத்தில்.