எந்த ஊர்ப் பட்டியலில் அவள் பெயர்?

தேர்தல் என்றதும் நமக்கு வாக்குப்பதிவு நாள்தான் நினைவுக்கு வரும்: நீண்ட வரிசை, விரலில் மை, பொத்தான். ஆனால் அதற்கு வெகு முன்பே, வீடு வீடாக எழுதப்படும் வாக்காளர் பட்டியலில் தேர்தல் தொடங்கிவிடுகிறது. பெண்கள் பலமுறை விடுபட்டுப்போனதும் அங்கேதான்.

1921இல், மற்ற மாகாணங்களுக்கு முன்பாகவே, சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி இது. ஆனால் அந்த உரிமை சொத்தோடும் வரியோடும் கட்டப்பட்டிருந்தது. சொத்து பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்ததால் மிகச் சில பெண்களே தேறினார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துள்ளவரின் மனைவிக்கும் வாக்கு தந்தது. வாக்கு அவளுடையது, தகுதி மட்டும் கணவனுடையது.

அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு இந்தக் கணக்கை அழித்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்கு என்றது. அந்த வயது 1989இல் 18 ஆனது. ஆனாலும் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, வடமாநிலங்களில் ஏராளமான பெண்கள் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவானார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் பதிவாகாத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெண்ணுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று அரசு சொன்னது சரிதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெயரை மறைத்த குடும்பங்கள் அல்ல, அந்தப் பெண்களே.

பல்லடத்தில் இன்று சிக்கல் பெயரில் இல்லை, முகவரியில் இருக்கிறது. விசைத்தறி, பனியன் கம்பெனி, நூற்பாலை, கோழிப்பண்ணை என்று வேலை தேடி வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் பெண்கள் இந்த வட்டாரத்துக்கு வருகிறார்கள். லைன் வீட்டிலோ விடுதியிலோ ஆண்டுக்கணக்கில் தங்குகிறார்கள். பெயர் மட்டும் பிறந்த ஊரிலோ புகுந்த ஊரிலோ கிடக்கிறது. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்கிறது சட்டம். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இழக்கும் கூலிக்கு யார் பொறுப்பு?

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் உண்மையில் இவர்கள் பக்கம்தான் நிற்கிறது. ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவர் அங்கே வாக்காளர் ஆகலாம். சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கு வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்கிறது 20ஆம் பிரிவு. 1921இன் சொத்துக் கணக்கை நேராகத் திருப்பிப்போட்ட வரி அது. ஆனால் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ தன் பெயரில் இல்லாத பெண்ணிடம் முகவரிச் சான்று கேட்கும்போது, சொத்து பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

இதனால் பறிபோவது ஒரு வாக்கு மட்டுமல்ல. தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் 50 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு உண்டு. ஆனால் அந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் அங்கே போட்டியிட முடியும். லைன் வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும், இரவு ஷிப்ட் முடிந்து நடக்கும் தெருவில் விளக்கு எரியுமா என்பதையெல்லாம் அவள் தேர்ந்தெடுக்காதவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அன்று பட்டியல் எழுத வந்தவர் “உன் பெயர் என்ன?” என்று கேட்டார். இன்று அவளிடம் கேட்கவேண்டிய கேள்வி, “நீ எங்கே வாழ்கிறாய்?” என்பதுதான். அவள் சொல்லும் பதிலையே சான்றின் தொடக்கமாகக் கொள்ளும்வரை எல்லோருக்கும் வாக்கு என்ற வாக்குறுதி பாதியிலேயே நிற்கும்.