யவன ஒயின்

கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தமிழகத் துறைமுகங்களுக்குக் கப்பலில் வந்த திராட்சை மது யவன (கிரேக்க, ரோமானிய) ஒயின் எனப்படுகிறது. சோழமண்டலக் கரையில் அதற்கான சான்று மிகுதியாகக் கிடைத்த இடம் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு. கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் சாலையை ஒட்டிய குடிக்காடு–காரைக்காடு பகுதியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் அந்த மது வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

மது போய்விட்டது, மிஞ்சியவை சாடிகளின் உடைந்த ஓடுகள்தாம். ஆம்போரா என்பது இரு கைப்பிடியும், ஒடுங்கிய கழுத்தும், கூரிய அடியும் கொண்ட சுடுமண் சாடி. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்க ஏற்ற வடிவம் இது. ரோமானியர் அளவுக் கணக்கில் ஓர் ஆம்போரா சுமார் 26 லிட்டர். மது கசியாதிருக்க உட்புறம் பைன் மரப் பிசின் பூசுவார்கள். அரிக்கமேட்டில் தொல்லியலாளர்களான மார்ட்டிமர் வீலர் 1945இலும், ழான்-மரி கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் தோண்டினர். வீலர் அதை யவனரின் வணிகக் குடியிருப்பு என்று கண்டார். பெக்லியின் அகழாய்வோ, யவனச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்த ஊர் இருந்ததைக் காட்டியது. யவனர் வந்து உண்டாக்கிய ஊர் அல்ல அது. ஏற்கெனவே இருந்த தமிழ்த் துறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் சாடிகளும் அவற்றைப் பார்த்துப் பிற இடங்களில் செய்தவையும் இங்கு முக்கிய இடம் பெற்றதைக் கண்டார். ரோட்ஸ், நைடஸ் ஆகிய ஊர்களின் சாடிகளும் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கத்துச் சாடிகளை அடையாளம் காண்பது எளிது: எரிமலை மணலின் கரிய துகள்கள் மண்ணில் கலந்து மின்னும். எல்லாச் சாடியும் மதுவுக்கு வந்ததல்ல. ஆலிவ் எண்ணெயும், ஸ்பெயினின் மீன் நொதிச்சாறும் அவற்றில் வந்தன.

கோஸ் மதுவின் தனித்தன்மை அதில் கலந்த கடல்நீர். அதைச் செய்யும் முறையை ரோமானியரான கேட்டோ தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார். உப்பு மதுவைக் கெடாமல் காத்தது. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து வெப்பக் கடலைக் கடக்கும் சரக்குக்கு இந்தக் காப்பு பெரிய துணை. ஆகவே அன்று இக்கரையில் அருந்தியதை இன்றைய பிரெஞ்சுச் சிவப்பு ஒயினாகக் கற்பனை செய்துகொள்வது சரியல்ல. பிரான்சின் பர்கண்டி போன்ற குளிர்ப் பகுதியில் மெல்லிய தோலுடைய பினோ நுவார் திராட்சையிலிருந்து வருவது வெளிர் நிறமும் இதமான புளிப்பும் கொண்டது. அரிக்கமேட்டுத் துறையில் யவனச் சாடிகள் இறங்கிய காலத்தில் பர்கண்டியில் கொடி நடுதலே இளம்பருவத்தில் இருந்தது. அங்குள்ள ஜெவ்ரே-ஷாம்பெர்த்தனில் அகழ்ந்து கண்ட பழைய கொடிக்குழிகள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியில் காலூன்றியதோ 1674இல்தான்.

வந்த மதுவின் அளவு பற்றி எச்சரிக்கை தேவை. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ மேற்குக் கரை முசிறிக்கு வந்த சரக்குகளில் மதுவைச் சேர்த்துவிட்டு, அது மிகுதியாக இல்லை என்றும் குறிக்கிறது. கீழைக் கரைத் துறைகளில் ஒன்றாக அது சொல்லும் பொடுகே, அரிக்கமேடாகவே இருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. எகிப்திலிருந்து மேற்குக் கரைக்கு வந்த பொருள்கள் இத்துறைகளுக்கும் போய்ச் சேர்ந்தன என்று அந்நூல் சொல்வதால், மது இங்கு உள்ளூர் மரக்கலங்களிலும் வந்திருக்கக் கூடும்.

அதைக் குடித்தவர் யவனர் மட்டும் என்ற கருத்து நிற்காது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட மகிழ்ந்திருக்கச் சொல்கிறார். இது அரசவைக் குடி. ஊரார்க்குக் கள்ளும் நெல்லில் வடித்த நறவும் இருந்தன. கடல் கடந்து வந்த சாடி எல்லார் வீட்டுக்கும் எட்டியிராது.

அண்மைக் கால ஆய்வில் முக்கியமானது ரொபெர்ட்டா டாம்பரின் மறுபரிசோதனை. இந்தியத் தலங்களில் ரோமானிய ஆம்போரா என்று எழுதிவைத்த ஓடுகளில் பல, மெசபடோமியப் பக்கத்திலிருந்து வந்த டார்பிடோ சாடிகள் என்று அவர் காட்டினார். அவற்றின் உட்பூச்சு பிசினல்ல, கரிய நிலக்கீல். ரோம வணிகம் தளர்ந்த பிறகும் அவை நெடுங்காலம் வந்துகொண்டிருந்தன. இதனால் பழைய பட்டியல்களை அப்படியே எடுத்தாள முடியாது. கடலூர்ப் பக்கத்துக்கு இது மிகவும் பொருந்தும். அரிக்கமேட்டு ஓடுகள் ஒவ்வொன்றாக மண்ணும் வடிவமும் பார்த்துப் பிரிக்கப்பட்டன. காரைக்காட்டு ஓடுகளுக்கும் அதே உழைப்பைத் தந்தால்தான் அதன் அருகே உப்பனாற்று முகத்தில் இறங்கிய சாடி கோஸிலிருந்து வந்ததா, பாரசீக வளைகுடாவிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியும். குடிக்காட்டைச் சுற்றி இன்று சிப்காட் தொழிற்சாலைகள் நிற்கின்றன. எஞ்சிய மேட்டுநிலத்தைத் தோண்டிப் பார்க்கும் வேலை தள்ளிப்போடக் கூடியதல்ல.