304 வெள்ளி சொல்லாத கதை

மலேசிய இந்தியர் ஏழைகளா, வசதி படைத்தவர்களா? தேர்தல் மேடையிலும் ஆலய மண்டபத்திலும் இக்கேள்வி எழும்போதெல்லாம் ஆளுக்கோர் எண் சொல்கிறார்கள். எதை நம்புவது?

1970 குடிமதிப்பை ஒட்டி எடுக்கப்பட்ட கணக்கின்படி, தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 264 வெள்ளி. மலாய்க்காரர் 172, இந்தியர் 304, சீனர் 394. நாட்டுச் சராசரியைவிட இந்தியருக்கு 40 வெள்ளி அதிகம்! இதை மட்டும் படிப்பவர், இந்தியருக்குக் குறையேதும் இல்லை என்று கோப்பை மூடிவிடலாம்.

ஆனால், அதே 1970இல் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 39 வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. இரண்டும் எப்படி உண்மையாகும்?

ஒன்பது பால்மரத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தலா 100 வெள்ளி, ஒரு வழக்கறிஞர் குடும்பத்துக்கு 2,140 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்துக் குடும்பங்களின் சராசரி 304! ஆனால் ஒன்பது வீடுகளில் அந்தப் பணம் இல்லை. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்ப்பதே இடைநிலை வருமானம். 1970இல் இந்தியரின் இடைநிலை வருமானம் 200 வெள்ளியைக்கூட எட்டவில்லை.

அடுத்து வந்தது இடமாற்றம். 1972இல் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் தோட்டத்துப் பிள்ளைகளை ஈர்த்தன. தோட்டத்தில் கிராணியின் செக்ரோலில் ஒவ்வொருவர் பெயரும் நாள் கூலியும் இருந்தன. பட்டணத்தில் லாரி உதவியாளருக்கும் புல் வெட்டுபவருக்கும் ஏது செக்ரோல்?

வேலை பற்றிய கணக்கிலும் கவனம் தேவை. தொழிலாளர் ஆய்வு, ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரையும் வேலையில் உள்ளவராகவே எண்ணுகிறது. அந்தக் கூலி வீட்டு வாடகைக்குப் போதுமா என்பதை அந்த எண் சொல்லாது.

2001 மார்ச்சில், சுங்கை வேக்கு அருகிலுள்ள கம்போங் மேடான் வட்டாரத்தில் மோதல் வெடித்து ஆறு பேர் மாண்டனர். நகர்ப்புற ஏழைகளின் நெருக்கடியான வாழ்க்கையை நாடு அப்போதுதான் உற்றுப் பார்த்தது. சராசரிகளுக்குள் அவர்கள் மறைந்து கிடந்தனர்.

இன்று விவரம் தேடுவது எளிது. ஐந்தாண்டுகளில் இருமுறை குடும்ப வருமான ஆய்வு நடக்கிறது. 2022இல் நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் 8,479 ரிங்கிட், இடைநிலை 6,338. புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதி வாரியாகவும் வருமானத்தை இலவசமாகப் பார்க்கலாம்.

படிக்கும் முறைதான் முக்கியம். சொல்லப்படுவது சராசரியா, இடைநிலையா? ஒருவரின் சம்பளமா, வீட்டில் எல்லாருடைய வருமானமுமா? யார் கணக்கில் சேரவில்லை? குடும்ப வருமான ஆய்வில் குடிமக்களின் குடும்பங்கள் மட்டுமே இடம்பெறுகின்றன. தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் அந்நியத் தொழிலாளி அதில் இல்லை.

உதவி கேட்டு மனுக் கொடுக்கப் போகும் இயக்கங்கள் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையோடு போகட்டும். 304 வெள்ளியைக் காட்டி மூடப்பட்ட கோப்பை மீண்டும் திறக்க, அதைவிடச் சரியான எண் கையில் வேண்டும்.